அழக் கற்றுக்கொடுத்த வீடுகள்

புக்கரெஸ்ட் நகரின் வடபகுதியில் கிசெலெஃப் சாலை நெடுக லிண்டன் மரங்கள். ஜூன் பிறந்ததும் பூத்துவிடுகின்றன. நடந்து போகிறவர் சட்டையிலேயே அந்த மணம் ஏறிவிடும். ஒருபக்கம் பூங்கா, ஒருபக்கம் பழைய மாளிகைகள், எதிரே வெற்றி வளைவு. வளைவைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில், மரெஷால் அவெரெஸ்கு பெருஞ்சாலையில், புனித எக்கத்தெரினா என்ற பெயரில் ஒரு வளாகம் இருக்கிறது. சுற்றுலாவாசிகள் தேடிப் போகிற இடமில்லை அது. நான் ருமேனியாவுக்குப் போனதே அந்த வாசலைப் பார்க்கத்தான்.

ஒருகாலத்தில் அது நகரத்தின் பெரிய சிசுக் காப்பகம். பிறந்தது முதல் மூன்று வயது வரையிலான நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அங்கே தொட்டில் கட்டில்களில் வரிசையாகக் கிடந்தார்கள். அந்த நாட்டுச் சிசுக் காப்பகங்களுக்குள் போய் வந்தவர்கள் பலரும் ஒன்றையே சொல்லியிருக்கிறார்கள்: அத்தனை குழந்தைகள் இருந்தும் அழுகுரல் கேட்கவில்லை. அழுதால் ஆள் வரும் என்பதை ஒரு குழந்தை அனுபவத்தில்தான் கற்றுக்கொள்கிறது. ஒருவரும் வராத இடத்தில் அழுகையை விட்டுவிடுகிறது. கூரையைப் பார்த்தபடி கிடக்கிறது. தன் உடம்பைத் தானே முன்னும் பின்னும் ஆட்டிக்கொள்கிறது.

அந்த மௌனத்திலிருந்து பிள்ளைகளை மீட்க ருமேனியா கண்ட வழிதான் என்னை அவ்வளவு தூரம் இழுத்துப் போனது. ஊரில் உள்ள சாதாரணப் பெண்களைக் கூப்பிட்டு, பெற்றோராக இருப்பதற்குப் பயிற்சி கொடுத்து, மாதச் சம்பளமும் கொடுத்து, அவர்கள் வீட்டிலேயே பிள்ளைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

இவ்வளவு பிள்ளைகள் காப்பகத்துக்கு வந்து சேர்ந்ததற்கு ஓர் அரசாணை காரணம். 1966இல் நிக்கோலாய் சௌஷெஸ்குவின் ஆட்சி 770ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தது. கருக்கலைப்புக்குத் தடை; கருத்தடைச் சாதனங்கள் கடையில் கிடைக்காது; பிள்ளை பெறாதவர்களுக்குத் தனி வரி. மக்கள்தொகை பெருகினால் நாடு வலுக்கும் என்று கணக்குப் போட்டார்கள். 1980களில் வெளிநாட்டுக் கடனை அடைப்பதற்காக உணவுப் பொருள்களை ஏற்றுமதி செய்தபோது வீடுகளில் அடுப்பெரிவதே பாடாயிற்று. வளர்க்க வழியில்லாத குடும்பங்கள் பிள்ளையைக் காப்பகத்தில் விட்டன. பெற்றோரைவிட அரசாங்கம் நன்றாக வளர்க்கும் என்று அரசே சொல்லிக்கொண்டிருந்தது. 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தபோது காப்பகங்களில் இருந்த பிள்ளைகள் ஒரு லட்சத்துக்கும் மேல். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள்.

தொலைக்காட்சியில் அந்தக் காப்பகங்களின் படங்களைப் பார்த்து உலகம் பதறியது. ஆனால் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் காப்பகமே பிள்ளைக்கு நல்லது என்று நம்பிய அதிகாரிகள் ருமேனியாவில் இருந்தார்கள். அப்போது குழந்தைகள் நலத் துறையின் பொறுப்பில் இருந்த கிறிஸ்டியன் தபாக்காருவுக்கு அந்த நம்பிக்கையை உடைக்க ஆதாரம் தேவைப்பட்டது. அவர் அழைப்பின் பேரில் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் சீனா என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2000இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். ஆய்வுக்கூடம் அமைந்தது இதே எக்கத்தெரினா வளாகத்தில். பிள்ளைகள் முன்னால் யாரும் அழக்கூடாது என்று அவர்கள் தங்களுக்குள் ஒரு விதி வைத்துக்கொண்டார்களாம். மூடிய வாசலுக்கு வெளியே நின்றபோது எனக்கு அந்த விதிதான் நினைவில் ஓடியது.

நகரின் 6 காப்பகங்களிலிருந்து 136 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். 6 மாதம் முதல் 31 மாதம் வரை வயது. குலுக்கல் முறையில் 68 பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். 68 பேர் ஏற்கனவே இருந்த ஏற்பாட்டிலேயே தொடர்ந்தார்கள். பாதிப் பிள்ளைகளை விட்டுவிட்டார்களே என்று படிக்கிற எவருக்கும் நெஞ்சு கேட்கும். அந்தக் கேள்வி அன்றே எழுந்தது. ஆய்வுக்காக எந்தப் பிள்ளையையும் காப்பகத்தில் பிடித்து வைப்பதில்லை என்பது நிபந்தனை. சொந்தக் குடும்பமோ அரசின் வளர்ப்புக் குடும்பமோ அமைந்தால் உடனே போகலாம், பலர் போனார்கள்.

பெரிய சிக்கல் வேறொன்று. புக்கரெஸ்டில் அப்போது வளர்ப்புக் குடும்பம் என்ற ஏற்பாடே பெயருக்குத்தான் இருந்தது. சட்டத்தில் அதற்கு 1990களின் பிற்பகுதியில்தான் வழி பிறந்திருந்தது. ஆக, ஆய்வுக்கு முன்னால் பெற்றோரை உருவாக்க வேண்டியிருந்தது. தேடி, விசாரித்து, பயிற்சி கொடுத்து 56 வீடுகளைத் தயார் செய்தார்கள். உள்ளூர்ச் சமூகப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வந்தார்கள். அவர்களுக்கு அமெரிக்காவிலிருந்த சிசு மனநல வல்லுநர்கள் தொடர்ந்து ஆலோசனை சொன்னார்கள். வளர்ப்புத் தாய்களிடம் ஒன்றை அழுத்திச் சொன்னார்கள்: பார்த்துக்கொள்கிற வேலையாக இதை எண்ணாதீர்கள், இது உங்கள் பிள்ளை என்றே வளருங்கள்.

2007 டிசம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் முடிவு வெளிவந்தது. மூன்றரை வயதில் அளந்தபோது காப்பகக் குழுவின் சராசரி நுண்ணறிவு எண் 77. வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போன பிள்ளைகளுக்கு 86. பிறந்த வீட்டிலேயே வளர்ந்த நகரத்துப் பிள்ளைகளுக்கு 103. ஒன்றரை வயதுக்கு முன்பே வீடு கிடைத்தவர்கள் 94 வரை எட்டியிருந்தார்கள். எட்டு வயதில் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தபோது, இரண்டு வயதுக்குள் வீடு சேர்ந்தவர்களின் பதிவு மற்றப் பிள்ளைகளுடையதைப் போலவே இருந்தது. மடியில் வைத்துச் சோறூட்டுவதும் பேர் சொல்லிக் கூப்பிடுவதும் மூளை வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது!

இதையெல்லாம் முன்பே படித்திருந்தேன். எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது அந்தப் பயிற்சியை. புக்கரெஸ்டில் ஒரு வகுப்பில் பின்வரிசையில் உட்கார அனுமதி கிடைத்தது. மொழிபெயர்க்க ஒரு கல்லூரி மாணவி பக்கத்தில். வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் நடுத்தர வயதுப் பெண்கள்: ஒரு தையல்காரர், ஓய்வுபெற்ற செவிலியர், பிள்ளைகள் வேலைக்காக இத்தாலி போய்விட்டதால் வீடு காலியாகிவிட்ட ஒரு தாய். கணவனும் மனைவியுமாகச் சிலர். இங்கே வந்து உட்காருவதற்கு முன்பே மருத்துவப் பரிசோதனை, காவல்துறைச் சான்று, வீட்டைப் பார்வையிடல் என்று பல படிகள் ஏற வேண்டும். பயிற்சி முடிந்து, தகுதி மதிப்பிட்டு, குழந்தைப் பாதுகாப்புக் குழு சான்றிதழ் கொடுத்தால்தான் ஒருவர் வளர்ப்புப் பெற்றோர் ஆக முடியும். தத்தெடுக்க விரும்புகிறவர்களுக்கும் தனியே தயாரிப்பு வகுப்பு உண்டு.

பயிற்சியாளர் எல்லோருக்கும் ஐந்து துண்டுத் தாள் கொடுத்தார். எனக்கும்தான். உங்களுக்கு உயிரான ஐந்தை எழுதுங்கள் என்றார். ஆளாகவும் இருக்கலாம், வீடாகவும் இருக்கலாம், மொழியாகவும் இருக்கலாம். எழுதினோம். எழுதியதைக் கையில் விரித்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிறகு வரிசைகளுக்கு நடுவே நடந்துவந்து, ஒன்றும் சொல்லாமல், அவர் கைக்கு வந்ததை உருவிக்கொண்டு போனார். முதல் சுற்றில் சிலர் சிரித்தார்கள். இரண்டாவது சுற்றில் அறை அமைதியாகிவிட்டது. எதை எடுத்தார் என்றுகூட அவர் பார்க்கவில்லை. அதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது. மூன்றாவது சுற்றில் அந்தத் தையல்காரர் மிச்சமிருந்த மூன்று தாள்களையும் கைக்குள் கசக்கி மடித்துக்கொண்டார். கையைத் திறக்க மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

பயிற்சியாளர் அவரை வற்புறுத்தவில்லை. அவர் முன்னால் மண்டியிட்டு, மூடிய அந்தக் கையை எல்லோருக்கும் காட்டினார். “உங்கள் வீட்டுக்கு வரப்போகிற பிள்ளை இந்தக் கையோடுதான் வரும். நீங்கள் மிட்டாய் கொடுப்பீர்கள், பொம்மை கொடுப்பீர்கள். அது கையைத் திறக்காது. நன்றி கெட்ட பிள்ளை என்று அப்போது சொல்லிவிடாதீர்கள்” என்றார்.

அடுத்து ஒரு சிறிய காணொளி. இரண்டு வயதுப் பையன் ஓடிப்போய்க் கல் தடுக்கி விழுகிறான். முழங்காலில் ரத்தம். அழவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை, எழுந்து நடந்துவிடுகிறான். என்ன செய்வீர்கள் என்று கேட்டார். தைரியசாலி, விட்டுவிடுவேன் என்றார் ஒருவர். நான்கைந்து பேர் ஆமோதித்தார்கள். பயிற்சியாளர் சொன்னார்: “அவன் ஓவென்று அழுதிருந்தால் எப்படி ஓடியிருப்பீர்களோ அப்படி ஓடுங்கள். தூக்குங்கள், ஊதுங்கள், வலிக்குமே என்று சொல்லுங்கள். ஒவ்வொரு தடவையும். வலித்தால் ஆள் வரும் என்று அவனுக்கு நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும்.”

அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் மேரி டோஸியர் என்ற உளவியலாளர் வளர்ப்புப் பெற்றோருக்காக வகுத்த பயிற்சியின் மையமும் இதுதான். அது பத்து வாரம், வாரம் ஒருமுறை, வகுப்பறையில் இல்லாமல் அவரவர் வீட்டிலேயே நடக்கும். பிள்ளை தள்ளிவிட்டாலும் ஆறுதலாகப் போய் நிற்பது, விளையாட்டில் அதன் போக்கிலேயே மகிழ்ச்சியாகப் போவது, பயமுறுத்துகிற எதையும் செய்யாமலிருப்பது ஆகிய மூன்றையும்தான் திரும்பத் திரும்பப் பழக்குகிறார்கள். பயிற்சியாளர் குறை சொல்வதைவிட, தாய் சரியாகச் செய்த நொடியிலேயே அதைச் சுட்டிக்காட்டுகிறார்.

நாம் நல்லதென்று நினைக்கிற ஒன்று ஆபத்தின் அடையாளமாக இருக்கலாம் என்பதையும் அந்த வகுப்பில் கேட்டேன். காப்பகப் பிள்ளைகள் சிலர் முன்பின் தெரியாதவர் கழுத்தையும் கட்டிக்கொள்வார்கள். யார் கைநீட்டினாலும் போய்விடுவார்கள். எவ்வளவு பாசமான பிள்ளை என்று விருந்தாளி பூரித்துப்போவார். உண்மையில் அதற்குத் தன் ஆள் என்று ஒருவர் இல்லை. அதனால் எல்லோரும் ஒன்று. அதனால்தான் முதல் சில மாதங்களுக்குத் தூக்குவது, ஊட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் வளர்ப்புப் பெற்றோர் கையால் மட்டுமே நடக்க வேண்டும் என்கிறார்கள். பாட்டியே வந்தாலும் பிள்ளையைத் தாயிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

பிறகு இரவு ரயிலில் வடக்கே போனேன். காரா தெ நோர்ட் நிலையத்தில் ஏறினால் கார்ப்பாத்திய மலைகளை இருட்டில் கடந்து, விடிந்து வெகுநேரம் கழித்து, உக்ரைன் எல்லையோரம் சிகெத்து மர்மாத்சியே ஊரில் இறங்கலாம். திசா ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு நாடு. மாராமுரேஷ் என்ற இந்த வட்டாரம் மரத்தால் ஆனது. ஈசா பள்ளத்தாக்கில் வீட்டுக்கு வீடு ஆளுயரத்தைத் தாண்டிய ஓக் மர வாசல்கள். அவற்றில் முறுக்கிய கயிறும் சூரியனும் செதுக்கியிருக்கிறார்கள். மரப் பலகைகளால் எழுப்பிய தேவாலயங்களின் கோபுரங்கள் ஊசிமுனையாக மேலே போகின்றன. அவற்றில் எட்டை 1999இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வயல்களில் வைக்கோலைக் கம்பம் நட்டுப் போராகக் குவித்து வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு அழகான ஊரில்தான் சௌஷெஸ்கு காலத்துக் கொடுமையான காப்பகங்களில் ஒன்றும் இருந்தது. மூன்று வயதானதும் பிள்ளைகளைச் சோதித்துத் தரம் பிரிப்பார்கள். தேற மாட்டார்கள் என்று முத்திரை விழுந்தவர்கள் சிகெத்து மாதிரி ஒதுக்குப்புற ஊர்களுக்கு வந்து சேர்ந்தார்கள். போலியோவால் கால் சூம்பியதுகூட அந்த முத்திரைக்குப் போதுமான காரணமாக இருந்தது.

அதே வட்டாரத்தில் ஒரு கிராமத்து வீடு. அறுபதை நெருங்கும் வளர்ப்புத் தாய் வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். மக்காச்சோள மாவில் கிண்டிய களியும் ஆட்டுப்பால் கட்டியும் மேசைக்கு வந்தன. சொந்தப் பிள்ளைகள் வளர்ந்து வெளியேறிய பிறகு இந்த வேலைக்கு மனுப் போட்டவர். இப்போது வீட்டில் ஒரு சிறுமி. வந்த புதிதில் தலையணைக்கு அடியிலும் மெத்தைக்கு அடியிலும் ரொட்டித் துண்டுகள் கிடக்குமாம். “எறும்பு வந்தது, பூஞ்சை பிடித்தது. ஆனாலும் திட்டக்கூடாது என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள்” என்றார். அவர் ரொட்டியைத் தேடிப் பிடுங்கவில்லை. ஒரு சிறு கூடையில் ரொட்டி நிரப்பிக் கட்டில் அருகிலேயே வைத்தார். இது உன்னுடையது, தீர்ந்தால் நிரப்புவேன் என்றார். தினமும் நிரப்பினார். மாதங்கள் ஆக ஆகக் கூடை தீரும் வேகம் குறைந்தது. ஒருநாள் கூடையில் பொம்மை படுத்திருந்தது.

பேசிக்கொண்டிருந்தபோதே வெளியே தொப்பென்று ஒரு சத்தம். பிளம் மரத்து ஊஞ்சலிலிருந்து சிறுமி விழுந்துவிட்டாள். ஒரு கணம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அம்மா படியிறங்கி ஓடுவதைப் பார்த்ததும் வாயைப் பிளந்து பெரிதாக அழ ஆரம்பித்தாள். அவர் தூக்கிக்கொண்டு முழங்காலை ஊதினார். என்னிடம் திரும்பிச் சொன்னபோது முகம் முழுக்கப் பெருமை: “முன்பு விழுந்தால் சத்தமே வராது. இப்போது தெருமுனை வரை கேட்கும்.”

பயிற்சி அந்த வகுப்போடு முடிந்துவிடவில்லை என்பதும் அவர் பேச்சில் தெரிந்தது. ஆரம்பத்தில் சமூகப் பணியாளர் வரும்போதெல்லாம் பயந்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே சொல்வாராம். கஷ்டத்தைச் சொன்னால் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற அச்சம். ராத்திரி முழுக்க அலறிய நாள்களை மறைத்திருக்கிறார். வந்தவர் வேவு பார்க்க வரவில்லை, துணைக்கு வந்திருக்கிறார் என்று புரியச் சில மாதங்கள் ஆயின. இப்போது அவரே போன் செய்து கூப்பிடுகிறார். வளர்ப்புக் குடும்பங்கள் உடைவது பெரும்பாலும் இந்த மறைப்பில்தான் என்று நினைக்கிறேன். பாசம் வற்றுவதற்கு முன்பே உடம்பும் மனசும் ஓய்ந்துவிடுகின்றன; சொல்லியழ ஆளில்லாதபோது ஒருநாள், என்னால் முடியவில்லை, கூட்டிப்போங்கள் என்ற வார்த்தை வந்துவிடுகிறது. பிள்ளைக்கு அது இரண்டாவது கைவிடல்.

சம்பளம் வாங்கிக்கொண்டு தாயாக இருக்க முடியுமா என்ற கேள்வி எனக்கும் இருந்தது. ருமேனியாவில் அது ஒரு நீதிமன்ற வழக்காகவே வந்தது. வாராந்திர ஓய்வு நாள்களில் செய்த வேலைக்கும் ஆண்டு விடுப்புக்கும் மற்றத் தொழிலாளர்களைப் போலப் பணம் வேண்டும் என்று கான்ஸ்டன்சா பகுதி வளர்ப்புப் பெற்றோரின் தொழிற்சங்கம் வழக்குப் போட, அது லக்சம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை போனது. 2018 நவம்பர் 20 அன்று தீர்ப்பு: இந்தப் பணி வேலைநேரச் சட்டத்தின் வரம்புக்குள் வராது, குறித்த இடைவெளியில் பிள்ளையைப் பிரிய உரிமை கொடுத்தால், அந்தப் பிள்ளையைக் குடும்பத்தில் சேர்க்கும் நோக்கமே கெடும். தீர்ப்பின் நியாயம் எனக்குப் புரிகிறது. அந்தப் பெண்களின் களைப்பும் புரிகிறது. இரவு பகல் இல்லாமல் ஒருவரைப் பிள்ளையோடு இருக்கச் சொல்கிற நாடு, அவரைத் தாங்கிப்பிடிக்கும் கடமையையும் ஏற்க வேண்டும்.

தத்துப் பெற்றோருக்கும் இது பொருந்தும். ஆட்சி கவிழ்ந்த உடனே பிரிட்டிஷ் குடும்பங்கள் பல ருமேனியப் பிள்ளைகளைத் தத்தெடுத்தன. மைக்கேல் ரட்டர் தலைமையிலான குழு அவர்களில் 165 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. ஆறு மாதத்துக்குள் காப்பகத்தை விட்டு வந்தவர்கள் மற்றத் தத்துப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்தார்கள். அதற்குமேல் அங்கே கிடந்தவர்களில் பலருக்குத் தொல்லைகள் இளமைப் பருவம் வரை தொடர்ந்தன. அன்பு மிகுந்த வீடுகள்தான் அவை. ஆனால் பிள்ளை ஏன் கண்ணைப் பார்ப்பதில்லை, ஏன் அந்நியர் பின்னால் போகிறது என்று விளக்கிச் சொல்லும் அறிவே அப்போது உலகில் அரைகுறையாக இருந்தது. இன்று வகுப்பறையில் ஒரு மதிய நேரத்தில் கற்பிக்கிற விஷயத்தை அந்தப் பெற்றோர் தனியாக, இருட்டில், ஆண்டுக்கணக்கில் தடவித் தடவிக் கண்டுபிடித்தார்கள்.

ருமேனியா 2004இல் சட்டமே போட்டது: இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையைக் காப்பகத்தில் வைக்கக்கூடாது. கடுமையான உடல்குறை உள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு. அந்த வயது வரம்பு பிறகு மூன்றாகி, அதற்கும் மேலே போயிருக்கிறது. ஆய்வில் இடம்பெற்ற குழந்தைகள் இன்று இருபதுகளில் இருக்கும் இளைஞர்கள். அவர்களை வளரும்வரை தொடர்ந்து பார்த்தபோது ஒன்று தெளிவாயிற்று. வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனவர்களிலும், முதலில் சேர்ந்த அதே வீட்டில் நிலைத்திருந்தவர்களே மேலாக இருந்தார்கள். வீடு மாற மாற, கிடைத்த பலன் கரைந்தது.

நிலைத்த வீடு என்பது அதிர்ஷ்டத்தால் அமைவது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. நல்ல மனசு இருந்தால் போதும், பிள்ளை தானாக ஒட்டிக்கொள்ளும் என்கிறோம். ருமேனியாவில் நான் பார்த்த தாய்களுக்கு நல்ல மனசு இருந்தது. அதோடு, மூடிய கையைத் திறக்கச் சொல்லக்கூடாது என்றும், அழாத பிள்ளையிடமும் ஓட வேண்டும் என்றும் யாரோ உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சொல்லிக்கொடுத்தவர்கள் அடுத்த மாதமும் வந்தார்கள், அடுத்த ஆண்டும் வந்தார்கள். இப்போது அந்தத் தலைமுறை வளர்ப்புத் தாய்களில் பலர் ஓய்வு வயதை எட்டிவிட்டார்கள். அவர்கள் இடத்துக்குப் போதுமான ஆள் வரவில்லை என்ற கவலை அந்த நாட்டில் இருக்கிறது. அந்த வகுப்பறை நாற்காலிகள் நிரம்ப வேண்டும். பிள்ளையைக் காக்க நினைக்கிற எந்த அரசும் முதலில் செலவழிக்க வேண்டியது அங்கேதான்.